வக்கீல் நோட்டீஸும் பாரதி பாட்டும்

நம் வீடுகளில் ஒரு காலத்தில் இரண்டு காகிதங்களைக் கண்டால் குலை நடுங்கும். ஒன்று தந்தி; மற்றொன்று வக்கீல் நோட்டீஸ். தந்தியை 2013-ல் சர்க்காரே நிறுத்திவிட்டது. வக்கீல் நோட்டீஸுக்கு மட்டும் ஆயுள் கெட்டி. இப்போது அது தபால்காரரைக்கூட எதிர்பார்ப்பதில்லை. நடுநிசியில் கைபேசிக்குள் மின்னஞ்சலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

திருமானூரில் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி துணிப் பை தைத்து இணையச் சந்தையில் விற்கிறாள். பையின் மேல் பாரதியாரின் பாட்டிலிருந்து இரண்டே சொற்களை அச்சிட்டிருந்தாள். எங்கோ இருக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. அந்தச் சொற்கள் எங்கள் வியாபாரச் சின்னம்; பதிப்புரிமையும் எங்களுடையதே; ஏழு நாளில் நஷ்டஈடு கட்டாவிட்டால் வழக்கு என்பது அதன் சாரம். சந்தைக்காரர்களும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் பையை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

"பாரதியாருக்குச் சொந்தக்காரர் யார் மாமா?" என்று கேட்டாள்.

கேள்வி சின்னதுதான். பதிலுக்கோ முந்நூறு வருஷத்து வரலாறு வேண்டியிருக்கிறது.

அந்த வரலாற்றைத் தொடங்க அவள் ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருமானூர் வட்டாரத்திலேயே ஏலாக்குறிச்சி இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தங்கியிருந்து தமிழ்ப் பணி செய்த ஊர் அது. அவர் தமிழ்நாட்டுக்கு வந்தது 1711-ல். அதற்கு முந்திய வருஷத்தில்தான் இங்கிலாந்தில் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று அமலுக்கு வந்தது. புதிய நூலுக்குப் பதினான்கு வருஷம் உரிமை. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் பதினான்கு. அவ்வளவுதான்.

கொள்ளிடக் கரைக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. இங்கே ஏட்டைப் பார்த்துப் படி எடுப்பவன் திருடன் அல்ல. கறையானிடமிருந்து நூலைக் காப்பாற்றிய புண்ணியவான். முனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையை அவர் மறைந்து வெகுகாலம் கழித்து, 1822-ல், பாபிங்டன் என்ற துரை லண்டனில் அச்சிட்டார். உரிமை கொண்டாடி ஏலாக்குறிச்சியிலிருந்து யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை!

பிறகு அச்சுக்கூடம் பெருகியது. எழுத்துக்கு விலை வந்தது. விலை வந்ததும் வேலியும் வந்தது.

பாரதியார் 1921-ல் காலமானார். அவர் பாட்டுக்களின் உரிமை பின்னர் தம்பி சி. விசுவநாதன் கைக்கு வந்தது. பாரதி பிரசுராலயத்தின் மூலம் நூல்கள் வெளிவந்தன. கிராமபோனும் பேசும் படமும் வந்தபோது, பாட்டை ஒலியாகப் பதிவு செய்யும் உரிமை தனிச் சரக்காகப் பிரிந்தது. அது சுராஜ்மல் என்ற வியாபார நிறுவனத்திடம் போய், அங்கிருந்து பட முதலாளி ஏ. வி. மெய்யப்பரிடம் வந்து சேர்ந்தது. 1947-ல் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. மறு வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தார்கள். உரிமை தம்முடையது என்று மெய்யப்பர் வழக்குத் தொடுத்தார்.

அன்று டி. கே. சண்முகம் பயந்து பணத்தைக் கட்டியிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் பணியவில்லை. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்று கண்டு, நாட்டின் கவிஞனை நாட்டுக்கே கொடுங்கள் என்று கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சர்க்கார் உரிமையை வாங்கிக்கொள்ள முன்வந்தது. விசுவநாதனுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் தலைக்கு ஐயாயிரம். மெய்யப்பர் தம் பங்கைக் காசு வாங்காமலே விட்டுக் கொடுத்தார். இதைச் சொல்லாவிட்டால் கதை நியாயமாகாது. 1955-ல் பாரதி நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது.

சட்டத்தின் போக்கில் விட்டிருந்தால் அந்த உரிமை 1971 வரை நீடித்திருக்கும். தாகூரின் விஷயத்தைப் பாருங்கள். 1941-ல் மறைந்த அவருடைய நூல்களின் உரிமை ஐம்பது வருஷக் கணக்கில் 1991-ல் தீர வேண்டியது. தீரும் தறுவாயில் சட்டத்தையே மாற்றி அறுபது வருஷம் ஆக்கினார்கள். ஒரே தேசத்தில் ஒரு கவிக்கு வேலி முன்னதாக இறங்கியது. மற்றொரு கவிக்கு வேலி நீண்டது.

ஆகவே பதிப்புரிமை என்று அந்தக் கம்பெனி எழுதியது வெறும் பூச்சாண்டி. வியாபாரச் சின்னம் வேறு சங்கதி. இது யார் செய்த சரக்கு என்று வாங்குகிறவனுக்குக் காட்டுவதுதான் சின்னத்தின் வேலை. பதிவான சின்னத்தை ஒருவர் திருடினால் தண்டிக்க வேண்டியதுதான். சொந்தமாகச் சித்திரம் வரைந்து விற்கும் ஏழைக்கும் பதிப்புரிமைச் சட்டம் துணை. ஆனால் பையின் மேலுள்ள சொற்களைக் கவிதையாகப் படிக்கிறார்களா, கம்பெனியின் பெயராகப் படிக்கிறார்களா என்பதே கேள்வி. அதைத் தீர்மானிக்க வேண்டியது கோர்ட், நோட்டீஸ் அல்ல.

பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவும், 1999-ம் வருஷத்து வியாபாரச் சின்னச் சட்டத்தின் 142-வது பிரிவும் ஆதாரமில்லாத மிரட்டலுக்கென்றே எழுதப்பட்டவை. மிரட்டப்பட்டவர் கோர்ட்டுக்குப் போய், மிரட்டலை நிறுத்தச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். மிரட்டியவர் தாமதமில்லாமல் உண்மையாகவே வழக்குத் தொடுத்து நடத்தினால் இதிலிருந்து தப்பலாம்.

அந்தப் பெண் நான்கு வரியில் பதில் எழுதினாள்: எந்தப் பதிவு, என்ன எண், எந்தச் சரக்குக்காக என்று தெரிவிக்கவும். பதில் வரவில்லை. பணமும் அவள் கட்டவில்லை. ஆனாலும் பை மறுபடி விற்பனைக்கு வருவதற்குள் தீபாவளி வியாபாரம் போய்விட்டது. மிரட்டலின் பலம் இதில்தான் இருக்கிறது. வழக்கில் ஜெயிக்க வேண்டியதில்லை. சீசனைக் கெடுத்தால் போதும்.

சண்முகத்துக்கு நாடக மேடை இருந்தது. துரைக்கண்ணனுக்குப் பேனா இருந்தது. தையல் மிஷினோடு தனியாக இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது? பாரதியாரை நம் பொதுப் பணத்தில் விலை கொடுத்து வாங்கியாயிற்று. வாங்கிய வீட்டுக்கு ஒருவர் வந்து வாடகை கேட்டால், பயந்து மடிசஞ்சியை அவிழ்க்க வேண்டாம். முதலில் பத்திரத்தைக் காட்டும்படி கேட்கலாம்.