மெலிந்த எழுத்தின் கோடை

2013 ஜூன் மாதம். ஆப்பிள் ஐஓஎஸ் 7-ஐ அறிமுகப்படுத்தியபோது ஐபோனின் எழுத்துகள் பட்டினி கிடந்தவைபோல இளைத்திருந்தன. குறிப்பேட்டின் தோல் தையல், பத்திரிகை அலமாரியின் மரம் எல்லாம் காணாமல்போயின. பல பட்டன்களுக்குச் சுற்றுக்கட்டம்கூடக் கிடையாது. வெறும் எழுத்தே பட்டன். சுமை முழுவதும் எழுத்தின் தலையில் இறங்கியது. அந்த எழுத்தோ நூலிழை: ஹெல்வெடிகா நியூ லைட்.

வடிவமைப்பாளர்கள் கூச்சல் போட்டார்கள். ஜூலையில் வந்த மூன்றாம் சோதனைப் பதிப்பில் எழுத்து கொஞ்சம் சதை போட்டது.

ஆப்பிளின் ஆசை புரிகிறது. 2007-இன் முதல் ஐபோனில் அங்குலத்துக்கு 163 புள்ளிகள்தான். மெல்லிய கோடு அதில் மங்கிவிடும். 2010-இல் ஐபோன் 4 அதை 326 ஆக்கியது. 1957-இல் சுவிட்சர்லாந்தில் ஈய அச்சுக்காகப் பிறந்த ஹெல்வெடிகாவின் ஒல்லித் தம்பிகளுக்கும் திரையில் இடம் கிடைத்தது. இருபது வயதுக் கண் படித்துவிடும். வெயிலில் நிற்கும் அறுபது வயதுக் கண்?

மருந்தும் அதே ஐஓஎஸ் 7-க்குள் இருந்தது: டைனமிக் டைப். அமைப்புகளில் ஒரு குமிழை வலப்பக்கம் நகர்த்தினால் எழுத்து பெரிதாகும். தடித்த எழுத்துக்குத் தனி சுவிட்ச். அன்று அதைத் தட்டினால் போனே அணைந்து மறுபடி உயிர்பெறும்! ஆனால் செயலியை எழுதியவர் இடம் கொடுத்தால்தான் குமிழின் பேச்சு எடுபடும். 17 பாயின்ட் என்று எண்ணைப் பதித்துவிட்டுப் போனவரின் செயலி அசையாது.

ஆண்ட்ராய்டில் 'எஸ்பி' என்றோர் அளவு உண்டு. பயனர் தேர்ந்த விகிதத்தோடு எழுத்தும் வளரும். 2011-இல் வந்த அதன் எழுத்துருவான ரோபோட்டோவை ஒட்டுப்போட்ட எழுத்து என்று கேலி செய்தார்கள். 2014-இல் திருத்தி, ஆங்கில 'ஐ'யின் தலையிலிருந்த சதுரப் புள்ளியை வட்டமாக்கினார்கள். 2023-இன் ஆண்ட்ராய்டு 14-இல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். ஏற்கெனவே பெரிதான தலைப்பு மட்டும் அடக்கமாக வளரும்.

தமிழின் பாடு வேறு. ஸ்மார்ட்போனின் ஆரம்ப ஆண்டுகளில் பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. ஓபரா மினி உலாவியின் ரகசிய அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை 'யெஸ்' ஆக்கினால், சர்வரிலிருந்து எழுத்து படமாக வந்து இறங்கும். இன்று எழுத்து உண்டு, இடம்தான் பற்றாக்குறை. 'சேவ்' உட்காரும் பட்டனில் 'சேமிக்கவும்' உட்காராது. குமிழைக் கடைசிவரை நகர்த்தினால் 'சேமிக்…' என்று மூன்று புள்ளியோடு நின்றுவிடும். வரி உயரத்தை ஆங்கிலத்துக்கு அளந்துவைத்த செயலிகளில் 'பு'வின் கால் அறுந்துபோவதும் உண்டு.