ஏக்கரில் அடங்காத இழப்பு: உன்னிச்சையும் படுவான்கரை வெள்ளங்களும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ‘வேளாண்மை’ என்றாலே நெல்தான். மண்முனை மேற்குப் பிரதேசத்திலுள்ள உன்னிச்சைக் குளம் அந்த வேளாண்மைக்கு நீர் கொடுக்கிறது. மட்டக்களப்பு நகரின் குடிநீரும் இப்போது அங்கிருந்தே வருகிறது. மாரியில் குளம் நிரம்பி வான்கதவுகள் திறந்தால் கீழுள்ள வயல்வட்டைகள் மூழ்கும். சில நாட்களில் ‘இத்தனை ஏக்கர் அழிவு’ என்ற கணக்கு வெளிவரும். எண்ணில் பிழை இராது. அளவுகோல்தான் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

2024 நவம்பர் இறுதியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் பெரும்போகத்தின் இளம்பயிரைத்தான் தாக்கியது. உழவுக்கூலியும் விதைநெல்லும் போயின. நீர் விரைவில் வடிந்த இடத்தில் குறுகிய வயது இனத்தை மறுபடி விதைக்கலாம். 2011 ஜனவரியில் நிலைமை வேறு. உரமும் மருந்தும் இட்டு முடித்து, நகை அடகுக்குப் போய், பயிர் குடலையிலும் கதிரிலும் நின்றது. நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெப்ரவரி தொடக்கத்தில் இரண்டாம் வெள்ளம் வந்தது. முதல் வெள்ளத்துக்குத் தப்பிய கதிரையும் அது விட்டுவைக்கவில்லை. இரண்டு ஆண்டிலும் ஏக்கர் ஏக்கர்தான். ஆனால் 2024இல் போனது முதலீட்டின் ஒரு பங்கு; 2011இல் போனது முழுப் போகம், அதோடு அடுத்த போகத்துக்கான கடன் தகுதியும்.

அழியாமல் நின்ற ஏக்கரிலும் இழப்பு உண்டு. ஈரவயலில் இயந்திரம் புதைந்து மெதுவாக அறுக்கிறது, கூலி ஏறுகிறது. சாய்ந்த கதிர் முளைவிடுகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் உள்ள நெல்லையே உத்தரவாத விலைக்கு எடுக்கும். வெயிலற்ற மாரியில், வீதியில் பரப்பினாலும் அந்த அளவுக்கு நெல் காய்வதில்லை. வயலோரத்துக்கு வரும் வியாபாரி ஈரத்துக்கென ஒரு கழிவும், அவசரத்துக்கென இன்னொரு கழிவும் வைத்து வாங்கிப் போகிறார். இந்த விவசாயியின் வயல் சேதப் பட்டியலில் இல்லை. ‘அறுவடை செய்யப்பட்டது’ என்ற பக்கத்தில் இருக்கிறது. என் மதிப்பீட்டில், படுவான்கரையில் மிகப் பரவலான இழப்பும் எவரும் எழுதிவைக்காத இழப்பும் இதுவே.

1978 நவம்பர் 23, 24இல் வீசிய சூறாவளி இதே பாடத்தை வேறு பயிரில் காட்டியது. மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 28,000 ஏக்கர் தென்னந்தோட்டங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் சாய்ந்தது. நெல் ஒரு போகத்தில் மீளும்; தென்னம்பிள்ளை காய்க்க ஐந்தாறு ஆண்டாவது வேண்டும். பதினொரு நெற்களஞ்சியங்களில் ஒன்பதும், மீன்பிடிக் கலங்களில் ஐந்திலொரு பங்கும் அழிந்தன. களஞ்சியம் போனால் நெல் இருந்தும் விலை இல்லை. இதை எந்த ஏக்கரில் எழுதுவது?

உலகக் கணக்கிலும் இக்குறை உண்டு. 1991 முதல் 2021 வரை பேரிடர்களால் 3.8 டிரில்லியன் டொலர் பெறுமதியான உற்பத்தி இழக்கப்பட்டதாக உணவு விவசாய அமைப்பு 2023இல் கணித்தது. அது பயிரும் கால்நடையும் மட்டுமே. வாவி மீனவர் அதில் இல்லை. தெரு துண்டிக்கப்பட்டதால் பால் கெட்டு, தயிர்ச்சட்டி நிரம்பாத வீடும், அறுவடைக் கூலியை நம்பியிருந்த குடும்பமும் அதில் இல்லை.

ஏக்கர் என்பது எளிதில் சரிபார்க்கக்கூடியது, நட்டஈட்டை விரைவுபடுத்துவது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. 2024 வெள்ளத்துக்குப் பின் நெல் ஏக்கருக்கு உச்சமாக 40,000 ரூபா அறிவிக்க முடிந்ததும் அதனால்தான். ஆனால் அத்தொகை பதிவுள்ள பயிர்ச்செய்கையாளரைத் தேடியே போகும். வாய்ப்பேச்சில் குத்தகைக்கு எடுத்துச் செய்தவரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டும் இராது.

ஏக்கரைக் கைவிடும்படி நான் கேட்கவில்லை. அதனருகே மூன்று விவரங்களை வெளியிட்டால் போதும்: வெள்ளம் வந்தபோது பயிரின் வயது, உண்மையில் செய்கை பண்ணியவர் யார், அந்த வாரத்தில் ஈரநெல் என்ன விலைக்குப் போனது. மூன்றும் கமக்காரர் அமைப்புகளுக்குத் தெரிந்தவைதான். அடுத்த பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலேயே கமநல சேவை நிலையங்கள் அவர்களிடம் இதற்கொரு பதிவேட்டைக் கொடுக்க வேண்டும்.