அம்பத்தூர் தாத்தாவும் ஐரோப்பிய ராட்டினமும்

பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் குயின்ஸ்லேண்டுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் ஒரு காட்சி தப்பாது. பிள்ளைகள் ராட்டினத்துக்கு வரிசையில் நிற்பார்கள். அப்பா போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். எங்காவது ஒரு நிழலில் தாத்தாவோ பாட்டியோ உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி ஐந்தாறு பை, பத்து ஜோடி செருப்பு, ஒரு தண்ணீர் கேன், புளிசாத டப்பா. அவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் பார்த்த வேலைக்குப் பெயர் வாட்ச்மேன் வேலை!

இதே குடும்பம் சில வருடம் பணம் சேர்த்து ஐரோப்பா போகத் திட்டம் போடுகிறது என்று வையுங்கள். பாரிஸ் டிஸ்னிலேண்டு பிள்ளைகளுக்கு, ஷாப்பிங் அம்மா அப்பாவுக்கு, "அவங்களும் கூட வரட்டும், இதுக்கப்புறம் எப்போ பார்க்கப் போறாங்க" என்று பெரியவர்களுக்கும் இரண்டு டிக்கெட். எல்லாரும் கூடிப் பேசித் திட்டம் போடுவார்கள். எங்கே போகலாம் என்று அந்தப் பெரியவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "உங்க இஷ்டம்பா" என்பார். அத்தோடு முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், டிஸ்னிலேண்டு என்ற யோசனையே ஒரு பெஞ்சிலிருந்து வந்ததுதான். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிரிஃபித் பார்க்கில் தன் இரண்டு மகள்களும் குடை ராட்டினத்தில் சுற்றும்போது, வால்ட் டிஸ்னி ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாராம். பெரியவர்களும் சிறியவர்களும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் இல்லையே என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1951இல் அவர் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருக்கும் டிவோலி பூங்காவுக்குப் போய்ப் பார்த்தார். 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்டு திறக்கப்பட்டது.

டிவோலி அதற்கும் நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர் 1843 ஆகஸ்ட் 15 அன்று அதைத் திறந்தார். மக்கள் கேளிக்கையில் இருந்தால் அரசியல் பேச மாட்டார்கள் என்று ராஜாவிடம் சொல்லி அனுமதி வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. (இந்த உத்தி எல்லா ஊர் ராஜாக்களுக்கும் பிடிக்கும்!) பழைய கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்த நிலம் அது. அங்கே இன்றைக்கும் இருக்கும் ஏரி ஒரு காலத்தில் அகழி. திறந்த நாளிலிருந்தே பாட்டுக் கச்சேரி, பூந்தோட்டம், சாப்பாட்டுக் கடை, விளக்கு அலங்காரம் எல்லாம் உண்டு. ராட்டினம் அதில் ஒரு பகுதி மட்டுமே. 1914இல் கட்டிய மர ரோலர் கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் கூடவே உட்கார்ந்து போகிறார், நம்ம ஊர் கண்டக்டர் மாதிரி.

இங்கே ஒரு வணிகவியல் விஷயம் இருக்கிறது. டிவோலியில் நுழைவுச் சீட்டு வேறு, ராட்டினச் சீட்டு வேறு. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் நுழைவுக்குக் காசே கிடையாது. இரண்டாம் ஜோசப் பேரரசர் தன் வேட்டைக் காட்டை 1766இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் பணம். தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளே போக ஒரு டிக்கெட், ஜெயன்ட் வீலுக்கு ஒரு டிக்கெட். அதனால்தான் பொருட்காட்சிக்கு வந்த பாட்டிக்கு டெல்லி அப்பளமும் அரசுத் துறை அரங்குகளும் போதும். அவர் ஏறாத ராட்டினத்துக்கு யாரும் காசு கேட்கவில்லை.

கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டிலும் ஆரம்பத்தில் தனித்தனிச் சீட்டுதான். 1982இல் அதை எடுத்துவிட்டு ஒரே கட்டணமாக்கினார்கள். 1992 ஏப்ரல் 12 அன்று பாரிஸுக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டரில் யூரோ டிஸ்னி திறந்தபோது, முதல் நாளிலிருந்தே ஒரே கட்டணம். ராட்டினத்தில் பத்து முறை ஏறும் பேரனுக்கும் பையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவுக்கும் ஒரே விலை. கணக்குப் பதிவியலில் இதைச் செலவு என்று எழுதுவதா நஷ்டம் என்று எழுதுவதா என்பது நல்ல கேள்வி.

அந்தப் பூங்காவே முதல் மூன்று வருடம் நஷ்டத்தில்தான் தள்ளாடியது. அமெரிக்கக் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்ததுதான் காரணம். அமெரிக்கர்கள் நாள் முழுக்க நடந்துகொண்டே கொறிப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மதியம் ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கூடவே வைனும் கேட்பார்கள். உட்கார இடமும் போதவில்லை, வைனும் கிடையாது. 1993இல் வைனுக்குக் கதவைத் திறந்தார்கள். 1994இல் கடனை மாற்றியமைத்தார்கள், சவூதி இளவரசர் ஒருவர் பணம் போட்டார், பெயரும் டிஸ்னிலேண்டு பாரிஸ் என்று மாறியது. 1995இல்தான் லாபம் கண்ணில் பட்டது. வருகிறவர் எப்படி உட்காருவார், எப்போது சாப்பிடுவார் என்று கேட்காமல் திட்டம் போட்டால் டிஸ்னிக்கே அந்தக் கதி!

அதே 1995இல்தான் நம்ம தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' எடுத்த நவோதயா அப்பச்சன் கட்டியது. குயின்ஸ்லேண்டு 2003இல் வந்தது. அதன் பிறகு அம்பத்தூர், ஆவடி ஸ்கூல் பிள்ளைகளுக்கு எக்ஸ்கர்ஷன் என்றாலே இந்த இரண்டில் ஒன்று என்றாகிப்போனது. இந்தத் தலைமுறைக்கு ஐரோப்பா என்றாலும் முதலில் ராட்டினம் ஞாபகம் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரியவர்களுக்கு வரும் ஐரோப்பா வேறு. உண்மையில் சென்னையின் மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு ஐரோப்பாவோடு இருக்கும் உறவு டிஸ்னிலேண்டைவிடப் பழையது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949இல் தொடங்கியது, முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நாம் ஓட்டிய பெயர்கள் எல்லாம் பர்மிங்காமில் பிறந்தவை. அம்பத்தூர்க்காரர்கள் வாயில் தினம் புழங்கும் 'சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு' ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் அந்த இங்கிலாந்து நிறுவனத்தின் தலைவர் பெயரில் இருப்பவைதான். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் 1965இல் வெளிவந்த விஜயந்தா, இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதை ஐ.சி.எஃப். பெரம்பூரில் 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை. டிஸ்னிலேண்டு திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பெட்டியின் வடிவமைப்பு சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரத்தை ஒட்டியிருக்கும் ஷ்லீரென் என்ற சிற்றூரின் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஒரு மோதல் நடந்தால் ஒரு பெட்டிக்குள் இன்னொன்று புகாமல் இருக்கும்படி யோசித்து, முழுக்க எஃகில் செய்த பெட்டி. நாடு முழுக்க ஓடிய நீலப் பெட்டிகள் எல்லாம் அதன் வாரிசுகள். வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று அந்த ரயில் பாதை நெடுகக் குடியிருந்த எத்தனையோ பேர் சுவிஸ் வடிவமைப்பில் வெல்டிங் வைத்தே ரிட்டையர் ஆனார்கள். அந்த வடிவமைப்பின் கடைசிப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியே போனது. இப்போது செய்வது ஜெர்மன் வழி வந்த எல்.எச்.பி. பெட்டிகளும் வந்தே பாரத்தும்.

இப்படி வேலை செய்தவர்கள் ஏன் ஒருமுறையாவது அந்தப் பக்கம் போகவில்லை? சம்பளம் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். அந்நியச் செலாவணிக்கு நாடே அல்லாடிய காலம் அது. 1960, 70களில் வெளிநாட்டுக்கு விமானம் ஏறியவர்கள் கையில் எட்டு டாலரோடு போன கதையைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். 1973இல் வந்த ஃபெரா சட்டத்தில் அனுமதி இல்லாமல் டாலர் வைத்திருந்தால் அது குற்றம், சிறைக்கும் போகலாம். 2000 ஜூன் 1 முதல் ஃபெமா அதன் இடத்துக்கு வந்தது. 2004இல் ரிசர்வ் வங்கி ஒருவர் வருடத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றது. 2015 முதல் அந்த வரம்பு 2,50,000 டாலர். கதவு திறந்தபோது 1955இல் வேலைக்குச் சேர்ந்தவர் ரிட்டையர் ஆகிப் பல வருடம் ஆகியிருந்தது. இன்று பேரன் இன்டர்நெட்டில் யூரோ கார்டு போடுவதை அவர் ஆச்சரியமாகப் பார்த்தால், கம்ப்யூட்டர் தெரியாததால் மட்டும் அல்ல.

அந்தப் பக்கமும் ஒரு கதவு திறந்தது. 1985இல் லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் கையெழுத்தான ஒப்பந்தம் 1995 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சுவிட்சர்லாந்து 2008 டிசம்பரில்தான் உள்ளே வந்தது. அதுவரை பாரிஸும் ஜூரிக்கும் ஒரே பயணத்தில் பார்க்க இரண்டு விசா வேண்டும். இப்போது ஒன்றே போதும். இங்கிலாந்துக்கு மட்டும் அன்றும் இன்றும் தனி விசா. ஆகவே பர்மிங்காம் பார்க்க ஆசைப்படும் சைக்கிள் கம்பெனி தாத்தாவுக்குச் செலவு கொஞ்சம் கூட. (அங்கே 1990இல் திறந்த கேட்பரி வேர்ல்டு இருப்பதால் பேரப்பிள்ளைகள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.)

ஒரே விசா ஆனதும் வந்த வினை 'ஏழு நாளில் ஆறு நாடு' பேக்கேஜ். விடியற்காலையில் பெட்டியைக் கட்டு, பஸ்ஸில் ஏறு, கோபுரத்தின் முன் போட்டோ எடு, மறுபடி பஸ்ஸில் ஏறு. எழுபது வயது முழங்காலுக்கு இது சுற்றுலா அல்ல, தண்டனை. இரண்டு ஊர், ஊருக்கு நாலு நாள் என்று போட்டாலே பாதிச் சிக்கல் தீரும். பழைய ஐரோப்பிய நகரங்களில் கல் பாவிய தெருக்கள் அதிகம், பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது. ரூம் போடும்போது விலையைப் பார்ப்பதற்கு முன் லிஃப்ட் இருக்கிறதா என்று பார்ப்பது உத்தமம்.

காகித வேலையிலும் பெரியவர்களுக்கென்று சில கவனங்கள் உண்டு. விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பி.பி.க்கு அது பொருந்துமா என்பதைச் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள், படித்துவிட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். லேத்திலும் வெல்டிங்கிலும் தேய்ந்த விரல்கள் மெஷினில் சட்டென்று பதியாது, நாலைந்து முறை வைக்கச் சொன்னால் பதற வேண்டாம் என்று முன்பே சொல்லி அழைத்துப் போகலாம். ஐரோப்பிய விமான நிலையங்களில் சக்கர நாற்காலி உதவி இலவசம். 48 மணி நேரம் முன்னதாக விமானக் கம்பெனியிடம் சொன்னால் போதும். "எனக்கு எதுக்குப்பா அது, நான் நல்லாத்தானே நடக்கறேன்" என்று மறுப்பார்கள். 2025 அக்டோபரில் புதிய எல்லைப் பதிவு முறை தொடங்கிய பிறகு வரிசைகள் எப்படி நீள்கின்றன என்று சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

சாப்பாடு பெரிய கவலை போலத் தெரியும். பாரிஸில் அது அவ்வளவு கஷ்டமில்லை. லா ஷப்பல் பகுதியில் இறங்கினால் தமிழ் பெயர்ப் பலகைகள், தோசை, மல்லிகைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் உண்டு. 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து உயிர் பிழைக்கப் போனவர்கள் உருவாக்கிய தெருக்கள் அவை. 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்தில்தான். கோடை முடியும் சமயம் அங்கே நடக்கும் தேர்த் திருவிழாவில் பாரிஸ் வீதியில் சிதறு தேங்காய் உடையும். ஈஃபிள் டவரைவிட இதைப் பற்றித்தான் பாட்டி ஊருக்கு வந்து அதிகம் பேசுவார்.

பூங்காவுக்கு வருவோம். ஒரு முழு நாள் டிஸ்னிலேண்டு தவிர்க்க முடியாது என்றால், பூங்காவைச் சுற்றி வரும் நீராவி ரயிலும் படகுச் சவாரிகளும் பெரியவர்களுக்காகவே இருப்பவை போல இருக்கும். பாரிஸிலிருந்து ஆர்.இ.ஆர். ரயில் வாசலுக்கே வருவதால், அவர்கள் மாலையில் ஒருவர் துணையோடு முன்கூட்டியே ரூமுக்குத் திரும்பலாம். ஆனால் செலவையும் முழங்காலையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் டிவோலியோ பிராட்டரோ மேல். டிவோலி கோபன்ஹேகன் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பிராட்டரில் 1897இல் கட்டிய ராட்சத ராட்டினம் சுமார் 65 மீட்டர் உயரம். தொங்கும் நாற்காலி இல்லை, ஜன்னல் வைத்த மரப் பெட்டிகள். ரயில் பெட்டி போலவே இருக்கும். 1944இல் எரிந்து, போருக்குப் பின் சரிசெய்தபோது 30 பெட்டிகளில் 15ஐ மட்டும் திரும்ப மாட்டினார்கள். அவ்வளவு மெதுவாகச் சுற்றுவதால் யாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அதில் பாட்டியும் ஏறலாம். பையைப் பேரன் பிடித்துக்கொள்ளட்டும்.

ஐ.சி.எஃப். தாத்தா இருக்கும் வீடுகள் ஜூரிக் போனால், பனிமலை பார்க்கும் நாளுக்கு முன்போ பின்போ ஒரு காலை நேரம் ஒதுக்கினால் போதும். ஜூரிக் மத்திய நிலையத்திலிருந்து ஷ்லீரெனுக்கு உள்ளூர் ரயிலில் சுமார் பத்து நிமிடம், கிட்டத்தட்ட வில்லிவாக்கத்திலிருந்து அம்பத்தூர் வரும் நேரம். அந்தத் தொழிற்சாலை 1985இலேயே மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் இப்போது வேறு கம்பெனிகள். பார்க்க என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகை இருக்கிறது. அதன் கீழே பிளாட்பாரத்தில் பெஞ்சும் இருக்கும்.