எண்ணெயைச் சேமிக்காதவர்கள்

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த உழக்கு தவறாமல் வந்துசேர 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கொடையாளி நெய்க்குடங்களை அடுக்கித் தரவில்லை; மந்தையைத் தந்தார். 'சாவா மூவாப் பேராடு' என்று சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்வது இத்தகைய மந்தையைத்தான். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையாது. இதை அறக்கொடையின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது சேமிப்பின் வரலாறாகவும் படுகிறது. ஓராண்டு நெய்யைச் சேர்த்து வைத்தால் காறிப்போகும், மந்தை காறாது.

எண்ணெயிலும் நம் முன்னோர் இதே வழியைத்தான் கைக்கொண்டார்கள். அவர்கள் சேமித்தது வித்தை, எண்ணெயை அல்ல.

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே, சுவேத நதிக்கரையில் இருக்கும் தம்மம்பட்டியை மரச்சிற்பத்துக்காகவே பலரும் அறிவர். அச்சிற்பிகள் உளி வைக்கும் அதே வாகைதான் மரச்செக்குக்கும் பெயர்பெற்ற மரம். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எழுத்துப் பொறித்த பழைய கல்செக்குகளும் கிடைத்திருக்கின்றன. ஊருக்கென்று செக்கு செய்து வைத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு அது பெருங்கொடை. ஊரில் செக்கு இருந்தால் வீட்டில் எண்ணெய்க்கிடங்கு எதற்கு? எள்ளும் கடலையும் காய்ந்து மூட்டையில் கிடக்கும். தீரத் தீர ஆட்டிக்கொள்ளலாம்.

வித்துக்குள் எண்ணெய் நுண்ணிய துளிகளாக, ஒவ்வொன்றும் மெல்லிய உறை போர்த்தி இருக்கிறது. செக்கு அந்த உறையை உடைக்கிறது. அந்த நொடியிலிருந்து காற்று, ஒளி, வெப்பம், ஈரம் நான்கும் வேலையைத் தொடங்குகின்றன. எள் ஆட்டும்போது கருப்பட்டியோடு சிறிது நீரும் தெளிப்பதால் புதிய எண்ணெய் கலங்கலாக இருக்கும். அதனால்தான் பாத்திரத்துக்கு வேடு கட்டி ஓரிரு நாள் வெயிலில் வைத்தார்கள். நீர் போகும்; மண்டி அடியில் தங்கும். தெளிந்ததை இறுத்து ஜாடியில் ஊற்றி, இருண்ட உள்ளறையில் வைத்தார்கள். வெயில் எண்ணெய்க்குப் பகையல்லவா என்று இன்று கேட்பவர்கள் உண்டு. பகைதான், ஆனால் ஈரம் அதைவிடப் பெரிய பகை. இரண்டு நாள் வெயிலைக் கொடுத்து இரண்டு மாத நிம்மதியை வாங்கினார்கள்.

ஈரம் என்ன செய்யும் என்பதை இந்தியக் கடலை வணிகமும் காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரி வழியாக மார்செய் நகருக்கு நம் நிலக்கடலை கப்பலேறியது. உரிக்க எளிதாக இருக்கும் என்று காயை நனைத்து உரித்தார்கள். நனைந்த பருப்பு கடற்பயணத்தில் கெட்டது. அதன் எண்ணெயில் அமிலம் மிகுந்து, சோப்புக் காய்ச்சவே பயன்பட்டது. இயந்திரத்தில் உலர்வாக உரித்த பருப்புக்கு மதிப்பு கூடியது இதனால்தான்.

ஆனால் வித்தைச் சேமிப்பதும் ஆபத்தில்லாத வழியன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. காரணம், தீவனத்தில் கலந்திருந்த பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அறியப்பட்டது அதன் வழியாகவே. நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்கினாலும், சுத்திகரிக்காத எண்ணெயிலும் ஓரளவு இறங்கும். குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை காயை உலர்த்தி, ஓட்டோடு வைக்கும் வழக்கத்தின் அருமை இங்கே விளங்கும்.

வீட்டில் மொத்தமாக எண்ணெய் வைக்கும் பழக்கம் டின்னோடு வந்தது என்றே நினைக்கிறேன். முதலில் மண்ணெண்ணெய் அடைத்து வந்த நான்கு கேலன் தகர டின். பிறகு அதே வடிவில் சமையல் எண்ணெய்க்கான 15 கிலோ டின். டெல்லியில் 1998இல் கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டே சில்லறையாக எண்ணெய் அளந்து விற்பதைக் கட்டுப்படுத்தும் ஆணை வந்தது. பொட்டலம் நிலைத்தது. அதில் இருந்த சுத்திகரித்த எண்ணெய் மாதக்கணக்கில் கெடாமல் இருந்ததால், ஆட்டிய தேதியைக் கேட்கும் வழக்கமும் நம்மைவிட்டுப் போயிற்று.

இப்போது மீண்டும் செக்கெண்ணெய்க்குக் கூட்டம். நல்லதுதான். ஆனால் செக்கெண்ணெயை ஐந்து லிட்டராக வாங்கி, அடுப்பருகே கண்ணாடிப் புட்டியில் வைத்து, மூன்றாம் மாதம் கடலையெண்ணெய் காறுகிறதே என்று கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாங்கும். எள்ளில் இயல்பாக உள்ள செசமால் போன்ற பொருள்கள் காற்றின் வேலையைத் தடுக்கின்றன. ஊறுகாய்க்கு அதையே ஊற்றியவர்கள் பெயர் தெரியாமலே அதன் குணம் அறிந்தவர்கள். மற்றவற்றுக்குச் சிறிய கலம், கழுத்துவரை எண்ணெய், இறுகிய மூடி, இருட்டு இவை வேண்டும். பழைய எண்ணெயின் மீது புதியதை ஊற்றக் கூடாது. அடியில் கிடக்கும் காறல் புதியதையும் விரைவில் கெடுக்கும். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் நெடுநாள் வைப்பதும் ஆகாது. செம்பு காறலை விரைவுபடுத்தும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் கூலிக்கு ஆட்டிக்கொடுக்கும் செக்குகள் இன்னும் ஓடுகின்றன. காளைக்குப் பதில் மோட்டார், அவ்வளவே. காய்ந்த கடலையையும் ஒரு தூக்கையும் எடுத்துப் போனால் எண்ணெய் நமக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. மீதிக் கடலை மூட்டையிலேயே இருக்கட்டும்.