சூடிக் கொடுத்த மாலையும் பெயர்த்தெடுத்த கதவும்

சில ஆண்டுகளுக்கு முன்பு இராசபாளையத்தில் கல்லூரி மாணவர்க்கான சிறுகதைப் பயிலரங்கு ஒன்றை நடத்தினோம். மேசைமேல் ஒரு பித்தளை உழக்கை வைத்து, இதைக் கொண்டு கதை எழுதுங்கள் என்றோம். ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்த தாள்களுள் பெரும்பாலானவை 'நான் ஓர் உழக்கு' என்றே தொடங்கின. பள்ளியில் 'தன் வரலாறு கூறுதல்' என்ற பெயரில் அவர்கள் பழகிய கட்டுரை வடிவம் அது. குடை பேசும், நாணயம் பேசும். பிறந்த கதையும் பட்ட துன்பமும் சொல்லி இறுதியில் அறிவுரை வழங்கும். அவற்றுள் மொழி செறிவாக அமைந்த ஒன்றுக்கே அன்று பரிசும் தந்தோம். அந்தத் தேர்வு சரிதானா என்ற உறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

பொருள் பேசும் கதைக்கு நம்மிடையே மதிப்பான மரபு உண்டு. 1884இல் தாகூர் எழுதிய வங்கக் கதையில் ஆற்றின் படித்துறை பேசுகிறது. 1915இல் வ.வே.சு. ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையில் மரம் பேசுகிறது. தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் சுட்டுவது இதனையே. தாகூர் கதையின் சாயல் இதில் உண்டு என்பதும் ஆய்வாளர் பலர் காட்டியதே. இவ்விரு கதைகளிலும் படித்துறையும் மரமும் சாட்சிகள். பெண்ணொருத்தியின் வாழ்வு அவற்றின் கண்முன் அழிகிறது; அவை பார்த்திருக்கின்றன, பிறகு சொல்கின்றன. கதையை நகர்த்தும் வேலை அவற்றுக்கு இல்லை.

இன்னொரு மரபும் உண்டு. அதைக் காண நாம் தொலைவு போக வேண்டியதில்லை. இராசபாளையத்திலிருந்து சுமார் 12 கி.மீ. வடகிழக்கே திருவில்லிபுத்தூர். அங்கே ஒரு பூமாலை கதையாயிற்று. விட்டுசித்தர் நாள்தோறும் இறைவனுக்குக் கட்டி வைத்த மாலையை மகள் கோதை தான் சூடி அழகு பார்த்துவிட்டு வைத்தாள் என்பது வைணவ குருபரம்பரை கூறும் வரலாறு. தந்தை அறிந்து வருந்தி வேறு மாலை கட்டுகிறார். இறைவனோ அவள் சூடியதே வேண்டும் என்கிறான். நந்தவனத்திலிருந்து சந்நிதிக்கு நேரே போயிருந்தால் அது மாலை மட்டுமே. இடையில் ஒரு பெண்ணின் கழுத்துக்கு வந்து போனதால் அது கதை. இன்றும் ஆண்டாள் சூடிய மாலை சித்திரைத் திருவிழாவுக்கு அழகரிடமும், புரட்டாசிப் பிரம்மோற்சவத்துக்குத் திருமலைக்கும் செல்கிறது.

1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்ட கிருட்டிணதேவராயர் இதனைத் தெலுங்கில் காவியமாக்கினார். அவர் இட்ட பெயர் 'ஆமுக்தமால்யதா'; சூடிக் கொடுத்தவள் என்பது பொருள். திருவில்லிபுத்தூரிலிருந்து தெலுங்குக்குப் போன மாலையை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தவர் இராசபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு.கு. ஜகந்நாத ராஜா (1933–2008). வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் பேசும் சமூகத்தில் பிறந்தவர் அவர். அம்மொழிபெயர்ப்புக்கு 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

இராசபாளையத்துக்குத் தென்கிழக்கே, கோவில்பட்டியை அடுத்துள்ளது இடைசெவல். அவ்வூரில் பிறந்து 2021இல் மறைந்த கி. ராஜநாராயணனும் தெலுங்கு பேசும் கரிசல் குடும்பத்தவரே. அவருடைய 'கதவு' கதையை நினைவுகூர்வோம். அதே பெயரிலான அவரது தொகுதி 1965இல் வெளிவந்தது.

ஏழை வீட்டுப் பழங்கதவு. பிள்ளைகளுக்கு அதுதான் பேருந்து. ஏறி நின்று ஆட்டி, சீட்டுக் கொடுத்து விளையாடுகிறார்கள். தகப்பன் மணிமுத்தாற்றுக்கு வேலைக்குப் போனவன். அங்கே அணை எழுந்த 1950களின் காலம் அது. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி கதவைப் பெயர்த்தெடுத்துப் போகிறான். வரி பாக்கிக்காகப் பொருள்களைக் கைப்பற்ற 1864ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டமே வழி செய்திருந்தது. கதவற்ற வீட்டில் பனிக்காற்று புகுந்து கைக்குழந்தை இறக்கிறது. பிறிதொரு நாள் சாவடியருகே கிடக்கும் தம் கதவைக் கண்டு பிள்ளைகள் அதைத் தழுவிக்கொள்கிறார்கள். கதவின் மரம், வேலைப்பாடு பற்றி ஆசிரியர் நெடுக வருணித்திருந்தாலும் நமக்கு இவ்வளவு வலித்திராது. நிலையிலிருந்து சாவடிக்குப் போன அந்தச் சிறு தொலைவுதான் கதை.

அவரே 'நாற்காலி' கதையில் இதை நகையாக்குகிறார். வந்த விருந்தாளி முக்காலியிலிருந்து விழுந்ததால் வீட்டுக்கு ஒரு நாற்காலி வருகிறது. கூடவே மாமன் வீட்டுக்கும் ஒன்று. எல்லோரும் ஆசையாய் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஊரில் ஒருவர் இறக்க, பிணத்தைச் சார்த்தி வைக்க நாற்காலி இரவல் போகிறது. திரும்பி வந்ததும் அதே நாற்காலிதான். ஆனால் உட்காரத்தான் எவருக்கும் துணிவில்லை. அடுத்த சாவுக்குக் கேட்டு வருவோரை மாமன் வீட்டுக்குக் கைகாட்டி விடுகிறார்கள்.

1842இல் கோகல் எழுதிய 'மேலங்கி' களவு போகிறது. 1884இல் மாப்பசான் எழுதிய 'கழுத்தணி' இரவல் வாங்கப்படுகிறது. கண்ணகியின் சிலம்பு பொற்கொல்லன் கைக்குப் போகும்வரை வெறும் அணிகலன். பறிமுதல், இரவல், களவு, கொடை என வழிகள் வேறு. பொருள் கைமாறும் இடத்தில் கதை பிறக்கிறது என்பது மட்டும் ஒன்று.

இதை உணர்ந்தபின் பழைய தாள்களை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். திருவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஒற்றுப்பிழைகள் மலிந்த எழுத்து; அதனாலேயே ஒதுக்கியிருந்தோம். அரிசி அளக்க அடுத்த வீட்டுக்காரி உழக்கை இரவல் வாங்குகிறாள். நாள்கள் போகின்றன. கொடுத்தவள் கேட்கக் கூசுகிறாள்; வாங்கியவள் முகம் பார்க்கக் கூசுகிறாள். உழக்கு அடகுக் கடையில் இருக்கிறது. அவள் எழுதியது அவ்வளவே. உழக்கு ஒரு சொல்லும் பேசவில்லை.

அடுத்த ஆண்டுப் பயிலரங்குக்கு அவள் வரவில்லை. இப்போதெல்லாம் பொருளை மேசைமேல் வைத்துவிட்டு அகலாமல், மூன்று கேள்விகளையும் கரும்பலகையில் எழுதுகிறோம்: இது யாரிடம் இருந்தது? யார் கொண்டுபோனார்? அன்றிரவு உறங்காதவர் யார்? 'நான் ஓர் உழக்கு' என்று தொடங்கும் தாள்கள் குறைந்திருக்கின்றன. ஒற்றுப்பிழைகள் குறையவில்லை; அவற்றைக் கதையைப் படித்து முடித்தபின் திருத்துகிறோம்.