மரம் சொல்லும் ஆண்டு

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருள் எவ்வூரில் பிறந்தது என்பதற்கு அது சான்று. எவ்வாண்டில் பிறந்தது என்பதை அது கூறாது. நம் முன்னோர் எழுதிவைத்த கிதாபுகள் பலவற்றின் இறுதியில் ஹிஜ்ரி ஆண்டு காணப்படும். மரப்பொருள்களுக்கு அப்பேறு அரிது. அதனைப் பெற்ற ஒன்று உண்டு. அது அமெரிக்க நாட்டு மார்ட்டின் குடும்பத்தாரின் கிட்டார். (அதன் உறவுக் கருவியாகிய அரபு 'ஊத்' என்பதன் பொருளும் மரமே என்பது நினைக்கத் தக்கது.)

ஜெர்மானியத் தச்சரான கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் 1833-இல் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார். சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் சிற்றூருக்குச் சென்றுவிட்டார். ஆறு தலைமுறைகளாகத் தொழில் அக்குடும்பத்தார் வசமே இருந்து வருகிறது. 1898-இல்தான் கருவிகளுக்கு எண்ணிடலாயினர். அதுகாறும் செய்தவற்றை உத்தேசமாகக் கணக்கிட்டு, 8000 என்று தொடங்கினர். 1900-இன் இறுதியில் அவ்வெண் 9128. 1945-இன் இறுதியிலோ 93623. கருவியின் உள்ளே பொறித்த எண்ணைக் கண்டால் ஆண்டு தெரிந்துவிடும்.

அதற்கு முந்தியவற்றில்தான் சிக்கல். பட்டறை நாசரேத்தில் இயங்கியபோதும், விற்பனையின் பொருட்டு 'நியூயார்க்' என்றே 1898 வரை முத்திரையிட்டு வந்தனர். முத்திரையை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவன் ஏமாறுவான். 1867-க்குப் பிந்திய முத்திரையில் 'கம்பெனி' என்னும் சொல் கூடுதலாக இருக்கும். ஆராய்வோர்க்கு அதுவே ஒரு பிடி.

எண் இருப்பினும் உடலையும் பார்த்தல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது எஃகு கிடைக்காமையால், கழுத்தினுள் வைக்கும் எஃகுச் சட்டத்திற்குப் பதிலாகக் கருங்காலிச் சட்டம் வைத்தனர். போர்க்கால எண் கொண்ட கருவியின் கழுத்தில் காந்தம் ஒட்டினால் ஐயுற வேண்டியதே.

இவற்றினும் நமக்கு நெருக்கமான அடையாளம் ஒன்றுண்டு. உயர்வகைக் கிட்டார்களின் முதுகும் விலாவும் நெடுங்காலம் பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தால் ஆனவை. பிரேசில் அம்மரத்தை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தவே, 1969-இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ஈட்டிக்கு மாறியது. கரிய கோடுகள் தாறுமாறாக ஓடினால் பெரும்பாலும் பிரேசில் மரம். ஊதா கலந்த பழுப்பில் நேரிய இழை ஓடினால் நம் தென்னாட்டுக் காடுகளில் வளரும் தோதகத்தி. அவ்வாண்டின் இறுதி எண் 256003. அதற்கு மிகவும் பிந்திய எண் கொண்ட ஒன்றைப் பிரேசில் மரமென்று ஒருவர் விற்க வந்தால், தக்க சான்று கேட்பதே முறை. ஏனெனில், பிரேசில் மரமென்றால் விலை பன்மடங்காகும்.

விலையோடு முடிவதன்று இது. 1992-இல் அம்மரத்தின் பன்னாட்டு வணிகம் தடை செய்யப்பட்டது. தந்தை விட்டுச்சென்ற கருவியாயினும், அம்மரத்தால் ஆனதை எல்லை கடந்து விற்க வேண்டுமாயின், மரம் தடைக்கு முந்தியதென்று மெய்ப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். அதற்கு ஆண்டு தெரிந்தாக வேண்டும். நம் தோதகத்திக்கும் அந்நிலை நெடுந்தொலைவில் இருக்கவில்லை. அதனை வெட்டாது காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது.