ஆதன்

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் 'குவிரன் ஆதன்' என்று பழந்தமிழ் எழுத்தான தமிழியில் கீறியிருக்கிறது. சேர அரசர் பெயராகவும் ஆதன் விளங்கியது: இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன்; கபிலர் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன். மன்னருக்கும் மற்றவருக்கும் பொதுவாக இருந்த பெயர் இது. அதுவே எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

இலக்கணமும் இப்பெயருக்குத் தனி இடம் தந்திருக்கிறது. ஆதன் என்பதோடு தந்தை சேர்ந்தால் 'ஆந்தை' ஆகும் என்கிறது தொல்காப்பியம். கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையார், பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார். பறவைக்கும் அவர் பெயருக்கும் தொடர்பில்லை.

பொருள் என்ன? உயிர், ஆன்மா என்று அகராதிகள் சொல்கின்றன. அறிவில்லாதவன் என்ற பொருளும் உண்டு. தேவாரத்தில் 'ஆதர்' என்பது அறிவிலிகளைக் குறிக்கும் வசையாகவே வருகிறது. ஆனால் சேர மன்னர்கள் பெருமையோடு சூடிய பெயரைப் பிற்கால வசையைக் கொண்டு தள்ளுவது நியாயமில்லை.

சங்க காலத்தில் பரவலாக இருந்த பெயர் இன்று அரிதாகிவிட்டது. மகனுக்குப் பெயர் தேடுகிறவர்கள் ஆதனையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.